புது வீட்டுப் படிக்கட்டுக்கு ரெய்லிங் தேர்ந்தெடுப்பது: ஸ்லாப் போடும் முன்பே தொடங்க வேண்டிய வேலை

ரெய்லிங் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் நான்கைந்து படங்களோடு வருகிறார்கள். கண்ணாடி வைத்தது ஒன்று, கறுப்புக் கம்பி வைத்தது ஒன்று, மரக் கைப்பிடி போட்டது ஒன்று. அதில் பிடித்ததைக் காட்டி "இது மாதிரி வேண்டும்" என்று சொல்வதுதான் முதல் வேலை என்று நினைக்கிறார்கள். அந்த வேலை நடுவில்தான் வர வேண்டும். யார் ஏறி இறங்கப் போகிறார்கள், படி எதனால் கட்டப்படுகிறது, தூண் எங்கே ஊன்றப்படும் ஆகிய மூன்றையும் முடிவு செய்துவிட்டால், படங்களில் பாதி தானாகவே கழிந்துவிடும். மீதி இருப்பதில் எது பிடிக்கிறதோ அதைத் தயங்காமல் எடுக்கலாம்.

இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கிரானைட் போட்டு முடித்த பிறகு அதைத் துளைக்க வேண்டி வரும், திருப்பத்தில் கைப்பிடி முறிந்து நிற்கும், தூண் ஒரு வருடத்துக்குள் ஆடத் தொடங்கும். எல்லாமே முன்கூட்டித் தவிர்த்திருக்கக் கூடியவை.

தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: படிக்கட்டின் வரைபடம், அளவு நாடா, ரசமட்டம், நீளமான நூல், சில அட்டைத் துண்டுகள், பக்கத்துக்கு 100 மி.மீ. உள்ள ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டை எதற்கு என்பது 5-ஆம் பகுதியில் வரும்.

1. யார் ஏறி இறங்குவார்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். இன்றைக்கு வீட்டில் இருப்பவர்கள் மட்டும் போதாது. ரெய்லிங் இருபது முப்பது வருடம் இருக்கப் போகும் பொருள். இன்று குழந்தை இல்லாத வீட்டில் நாளை குழந்தை தவழும். இன்று இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறவருக்கு ஒருநாள் முழங்கால் வலிக்கும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், படுக்கைவாட்டில் கம்பிகள் ஓடும் வகையை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். குழந்தைக்கு அது ஏணி. கால் வைக்க ஒரு கம்பி, கை பிடிக்க அடுத்த கம்பி என்று வரிசையாக இருக்கும்போது ஏறத்தான் செய்யும். எவ்வளவு உயரமாக வைத்தாலும் அந்த உயரத்துக்கே ஏணியும் சேர்ந்துவிடுகிறது.

வயதானவர்கள் இருக்கிறார்களா? அப்படியென்றால் கைக்குள் அடங்குகிற, எங்கும் விட்டுப்போகாத கைப்பிடி முதல் தேவையாகிறது. இதை எழுதி வையுங்கள், பின்னால் கண்ணாடியைப் பார்த்து மனம் மாறும்போது உதவும்.

சாமான் எந்த வழியாக மேலே போகும் என்பதையும் எழுதுங்கள். கட்டில், பீரோ எல்லாம் படிக்கட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்றால், ரெய்லிங் தின்னும் அகலம் முக்கியமான கணக்கு.

2. படியின் உடம்பு கான்கிரீட்டா, செங்கல்லா என்று பாருங்கள்

இந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். படிக்கட்டு முழுவதும் கான்கிரீட் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் பல வீடுகளில் சரிவான ஸ்லாப் மட்டும்தான் கான்கிரீட். அதன் மேல் படிகளைச் செங்கல் வைத்துக் கட்டி, பூசி, கல் ஒட்டியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ரெய்லிங் தூணுக்கு இது ஏன் முக்கியம்? ஒருவர் கைப்பிடியின் மேல் சாயும்போது விசை சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் விழுகிறது. தூணின் அடித்தகட்டில் போல்ட்டுகளுக்கு நடுவே 7, 8 செ.மீ.தான் இருக்கும். நெம்புகோல் கணக்குப்படி மேலே தள்ளும் விசை அடியில் பத்து மடங்குக்கும் மேலான இழுவிசையாக மாறி, போல்ட்டைப் பிடுங்கப் பார்க்கும். கான்கிரீட் இதைத் தாங்கும். செங்கல்லும் சாந்தும் நாளடைவில் நொறுங்கி, துளை பெரிதாகும். அப்புறம் தூண் ஆடும். அதே துளையில் திரும்பத் திரும்ப முறுக்கினாலும் நிற்காது.

ஸ்லாப் இன்னும் போடவில்லை என்றால், படிகளையும் ஸ்லாப்போடு சேர்த்தே கான்கிரீட்டில் வார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், தூண் வரும் படிகளை மட்டுமாவது வார்க்க வேண்டும். ஏற்கெனவே செங்கல் படி வைத்தாகிவிட்டதா? பக்கவாட்டில் தெரியும் ஸ்லாப்பிலேயே தூணை ஊன்றும் வழியைப் பாருங்கள். அல்லது செங்கல்லைக் கடந்து ஸ்லாப் வரை துளைத்து, நீளமான கம்பியைக் கெமிக்கல் ஆங்கர் பசை வைத்து இறுக்க வேண்டும். ஸ்லாப்பின் கனம் எவ்வளவு, எதுவரை துளைக்கலாம், உள்ளே இருக்கும் கம்பி அடிபடாமல் எப்படி என்பதைப் பொறியாளரிடம் கேட்ட பிறகுதான் டிரில்லை எடுக்க வேண்டும்.

கம்பியே வேண்டாம், கைப்பிடிச் சுவராகக் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதையும் இந்தக் கட்டத்திலேயே சொல்ல வேண்டும். செங்கல் சுவரின் எடை முழுவதும் ஸ்லாப்பின் விளிம்பில் உட்காரும். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் ஸ்லாப்புக்குள் போகும் கம்பியைக் கட்டியிருக்க வேண்டும். பிறகு யோசித்து ஏற்றக் கூடாது.

3. திருப்பத்தை ஸ்லாப்புக்கு முன் தீர்த்துக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரெய்லிங் அழகாக இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாடியையும் கம்பியையும் விட இதுதான் முடிவு செய்கிறது.

பாதி ஏறி, லேண்டிங்கில் திரும்பி, மீதி ஏறும் படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் வரிசையின் கடைசிப் படியும் மேல் வரிசையின் முதல் படியும் ஒரே நேர்கோட்டில் இருப்பதாக வரைவதுதான் வழக்கம். வரைபடத்தில் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் கைப்பிடியின் சரிவைப் போட்டுப் பாருங்கள். கீழிருந்து வரும் கைப்பிடி அந்தக் கோட்டில் லேண்டிங் மட்டத்திலிருந்து 900 மி.மீ. உயரத்துக்கு வந்து சேரும். மேலே போகிற கைப்பிடியோ அதே கோட்டில் ஒரு படி உயரம் கூடுதலாகத் தொடங்கும், ஏனென்றால் அதன் முதல் படி லேண்டிங்கை விட ஒரு படி மேலே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 170 மி.மீ. போல ஒரு தாவல். அதை இணைக்க ஒரு செங்குத்துத் துண்டை வெல்டு செய்து ஒட்டுவார்கள். கை வழுக்கி வரும்போது அங்கே முட்டும்.

இதற்கான தீர்வு எளிது. மேல் வரிசையின் முதல் படியை ஒரு மிதி (படியில் கால் வைக்கும் தட்டையான பகுதி) அகலம் தள்ளித் தொடங்குங்கள். அப்போது இரண்டு சரிவுக் கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும், கைப்பிடி முறியாமல் திரும்பும். இதற்கு ஒரு மிதி அளவு, அதாவது சுமார் 250 மி.மீ. இடம் கூடுதலாக வேண்டும். இடம் இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள். சென்ட்ரிங் (கான்கிரீட் வார்க்கும் பலகை அச்சு) அடிக்கும் முன் சொன்னால் பலகையை நகர்த்துவதோடு வேலை முடிந்தது.

இடமே இல்லையென்றால், திருப்பத்தில் கைப்பிடியை வேண்டுமென்றே நிறுத்தி, ஒரு கனமான தூணில் இரண்டையும் வெவ்வேறு உயரத்தில் முடிப்பது நல்லது. வளைத்து நெளித்துச் சேர்ப்பதை விட அது நேர்மையாகத் தெரியும்.

இன்னொன்று, இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அது 20, 30 மி.மீ. மட்டும் இருந்தால் இரண்டு ரெய்லிங்கும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும், கைப்பிடியைப் பிடித்த விரல் நசுங்கும். பக்கவாட்டில் தூண் ஊன்ற நினைத்தால் அங்கே கையே நுழையாது. குறைந்தது 100 மி.மீ., பக்கவாட்டுத் தூண் என்றால் அதற்கு மேலும் விடச் சொல்லுங்கள்.

4. மேலே ஊன்றுவதா, பக்கத்தில் ஊன்றுவதா

மேலே ஊன்றுவது என்றால் தூண் மிதியின் மேல் நிற்கும். வேலை சுலபம், பிறகு பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் படியின் அகலத்தில் 75 முதல் 100 மி.மீ. வரை போய்விடும். 900 மி.மீ. அகலப் படி 800 ஆகிவிடும். பெருக்கும்போது ஒவ்வொரு தூணின் அடியிலும் தூசி தங்கும், அது தனிக் கதை.

பக்கத்தில் ஊன்றுவது என்றால் தூண் ஸ்லாப்பின் பக்க முகத்தில் ஒட்டி நிற்கும். முழு அகலமும் நமக்கு. குறுகிய படிக்கட்டுக்கு என் தேர்வு எப்போதும் இதுதான். ஆனால் ஸ்லாப்பின் பக்க முகம் ஒரே நேராக இருக்க வேண்டும். கான்கிரீட் அங்கங்கே பிதுங்கியிருந்தால் ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு பக்கம் சாயும். அதோடு கிரானைட் விளிம்பு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தூணுக்காகக் கல்லை வெட்ட நேரும்.

சட்டமே இல்லாமல் கண்ணாடியை அடியில் ஒரு சேனலில் நிறுத்தும் வகைக்கு ஆசைப்பட்டால், அந்தச் சேனல் கல்லுக்குள் மறைய வேண்டுமா, வெளியே தெரியலாமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மறைய வேண்டுமென்றால் கான்கிரீட்டிலேயே அதற்குப் பள்ளம் விட வேண்டும்.

எந்த வழியாக இருந்தாலும், தூணின் பிடிமானம் கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். கல்லிலும் அதன் அடியில் உள்ள சாந்திலும் மட்டும் திருகினால் போதும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கல்லில் போடும் துளை போல்ட்டை விடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். அப்போதுதான் விசை கல்லைத் தொடாமல் கான்கிரீட்டுக்குப் போகும். கல்லின் விளிம்பை ஒட்டித் துளைத்தால் அன்றே விரியாது, சில மாதம் கழித்து மூலை தெறிக்கும்.

5. உயரம், இடைவெளி, பிடி

உங்கள் ஊர்க் கட்டட விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள், அதுதான் கடைசி வார்த்தை. பல நாட்டு விதிகள் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

உயரம்: படிகளின் மேல் 900 மி.மீ. சுற்று. லேண்டிங்கிலும் மாடியின் திறந்த விளிம்பிலும் 1000 அல்லது அதற்கு மேல் வைப்பது நல்லது. படியில் அளப்பது மிதியின் முன் விளிம்பிலிருந்து செங்குத்தாக மேலே. சரிவுக்குக் குறுக்காகச் சாய்த்து அளந்தால் கணக்கு தப்பும். அதோடு இது கல் ஒட்டி முடித்த பிறகு இருக்க வேண்டிய உயரம். வெறும் கான்கிரீட்டில் அளந்து தூணை வெட்டிவிட்டால், சாந்தும் கல்லும் சேர்ந்து 40, 50 மி.மீ.யை விழுங்கிவிடும். ரெய்லிங் குட்டையாகிப் போன வீடுகளில் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இடைவெளி: 100 மி.மீ. உருண்டை எங்கேயும் நுழையக் கூடாது. குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்தை வைத்து வந்த அளவு இது. உங்கள் மரக்கட்டை இதற்குத்தான்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மிதி 250 மி.மீ. ஒரு படிக்கு இரண்டு செங்குத்துக் கம்பி என்று முடிவு செய்கிறீர்கள். கம்பிக்குக் கம்பி நடுவிலிருந்து நடுவுக்கு 125. கம்பி 16 மி.மீ. என்றால் இடைவெளி 109. தப்பு. 25 மி.மீ. அகலப் பட்டையாகப் போட்டால் சரியாக 100, அதுவும் விளிம்பில்தான் நிற்கிறது. படிக்கு மூன்று கம்பி என்றால் இடைவெளி 67, நன்றாக இருக்கும், ஆனால் கம்பிகளின் எண்ணிக்கை ஒன்றரை மடங்காகும். "படிக்கு இரண்டு" என்று வாய்வழியாகச் சொல்லி விட்டுவிட்டால், இந்த 9 மி.மீ. யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இதற்கு மாற்று, படிகளுக்கு மேலே சரிவுக்கு இணையாக ஒரு அடிச்சட்டம் ஓட்டி, கம்பிகளை அதில் நிறுத்துவது. அப்போது மிதி அளவுக்கும் கம்பி இடைவெளிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அடிச்சட்டத்துக்கும் படிக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இடம் திறந்திருக்கும். அந்த முக்கோணத்துக்கு மட்டும் அளவு வேறு: 150 மி.மீ. உருண்டை நுழையாதபடி சட்டத்தைத் தாழ்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

பிடி: கைப்பிடியின் குறுக்களவு 32 முதல் 50 மி.மீ.க்குள் இருந்தால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும். 40 மி.மீ. உருண்டைக் குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு, 100 மி.மீ. அகல மரப்பலகையைப் பிடித்துப் பாருங்கள். இரண்டாவதில் கையை வைக்கலாம், பிடிக்க முடியாது. வழுக்கும் அந்த ஒரு நொடியில் வேண்டியது பிடி. அகலமான மரம்தான் பிடித்திருக்கிறது என்றால், பக்கங்களில் விரல் நுழையும்படி காடி எடுக்கச் சொல்லலாம்.

சுவரோரக் கைப்பிடி போட்டால் சுவருக்கும் அதற்கும் நடுவே 40, 50 மி.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் விரல் முட்டி உரசும். அதன் முனைகளைச் சுவரை நோக்கித் திருப்பி முடியுங்கள். திறந்த முனையில் சட்டைக்கையோ பை வாரோ மாட்டினால் ஆள் விழுந்துவிடுவார்.

6. இப்போது படங்களை எடுங்கள்

இதுவரை எழுதியதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகையையும் பாருங்கள்.

செங்குத்துக் கம்பி வகை எல்லாருக்கும் பாதுகாப்பானது, பழுது பார்ப்பதும் எளிது. ஒரு கம்பி வளைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். சந்தேகமாக இருக்கும்போது இதற்கே போங்கள். மேலே மரக் கைப்பிடி சேர்த்தால் இரும்பின் குளிர்ச்சி கைக்குத் தெரியாது.

கண்ணாடி இடத்தைப் பெரிதாகக் காட்டும், வெளிச்சத்தை மறைக்காது. ஏறவும் முடியாது. ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைரேகை தினசரி வேலை. டஃபன்ட் கண்ணாடி (சூடாக்கிக் குளிரவைத்து வலுவேற்றியது) சாதாரணக் கண்ணாடியை விட நான்கைந்து மடங்கு வலுவானது, உடைந்தால் மழுங்கலான சிறு துண்டுகளாகக் கொட்டும். கொட்டிய பிறகு அங்கே தடுப்பே இருக்காது என்பதையும் யோசியுங்கள். அதனால் உயரமான விளிம்புகளுக்கு, இரண்டு கண்ணாடிகளின் நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகையைக் கேளுங்கள். உடைந்தாலும் படலம் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி போட்டாலும் மேலே பிடிக்கத் தனியாக ஒரு கைப்பிடி வேண்டும். கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு யாரும் இறங்க முடியாது.

ஒயர் கேபிள் வகை படங்களில் மெல்லிசாக அழகாகத் தெரியும். ஒவ்வொரு ஒயரும் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் கடைசித் தூண்கள் மிகக் கனமாக வேண்டும். ஒயர் தளரத் தளர முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கையால் விலக்கினால் இடைவெளி கூடும் என்பதால் 100-க்கும் குறைவாக, 75, 80 மி.மீ.க்கு ஒன்று என்று நெருக்கி வைக்க வேண்டும். அதற்கு மேல் ஏணிப் பிரச்சினையும் உண்டு. வீட்டுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

முழு மரம் தொடுவதற்கு இதமானது. ஆனால் நன்றாக உலர்ந்த மரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் இணைப்புகள் வாய் பிளக்கும். பூவேலை செய்த வார்ப்பிரும்பு என்றால், பூக்களின் நடுவே உள்ள இடைவெளிகளையும் மரக்கட்டையால் பாருங்கள். பட்டியலில் இருக்கும் பல வடிவங்கள் இந்தச் சோதனையில் தோற்கும்.

7. பொருளின் தரத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

"எஸ்.எஸ்." (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று மட்டும் எழுதி வாங்கக் கூடாது, தர எண்ணும் வேண்டும். 304 என்பதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 என்பதில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி மின்னும், ஈரக்காற்று பட்டால் 202 சீக்கிரம் துருப்புள்ளி காட்டும். கடலுக்குப் பக்கத்தில், வெளிப்படிக்கட்டு என்றால் மாலிப்டினம் கலந்த 316 வேண்டும்.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 202-இலும் 304-இலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, அதனால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல அது உதவாது. துளி விட்டு நிறம் பார்க்கும் சோதனைத் திரவம் இருக்கிறது, அதை உங்கள் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். குழாயின் சுவர்க் கனத்தையும் எழுதி வாங்குங்கள். வெளி அளவு ஒன்றாக இருந்தாலும், கனம் குறைந்த குழாய் கை அழுத்தத்துக்கே நசுங்கும்.

எஸ்.எஸ்.ஸில் இன்னொரு பொறி, பட்டறையில் இரும்பை அறுத்த அதே கிரைண்டர் சக்கரத்தால் இதையும் தேய்ப்பது. இரும்புத் துகள் மேலே ஒட்டிக்கொண்டு, சில வாரத்தில் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். பொருள் நல்ல 304-ஆகவே இருந்தாலும் இப்படி ஆகும். தனிச் சக்கரம் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சாதாரண இரும்பு என்றால் பூச்சுதான் ஆயுள். பவுடர் கோட்டிங் 200 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் அடுப்பில் வேக வைத்துச் செய்வது. பிறகு வீட்டில் வைத்து வெல்டு செய்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே பகுதி பகுதியாகப் பட்டறையில் முழுதும் செய்து, பூச்சும் முடித்து, வீட்டில் போல்ட் போட்டு மட்டும் இணைக்கும்படி வடிவமைக்கச் சொல்லுங்கள்.

8. ஒரு மாதிரி செய்து பாருங்கள்

முழு வேலைக்கும் சொல்லும் முன், ஒரு மீட்டர் துண்டு செய்து தரச் சொல்லுங்கள். பெரிய பட்டறைகள் தயங்கினால், அட்டையும் நூலும் போதும். கைப்பிடி உயரத்தில் நூலைக் கட்டி, அட்டைப் பட்டைகளைக் கம்பி இடைவெளியில் தொங்கவிட்டு, வீட்டில் எல்லாரையும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். வாசலில் நின்று பார்த்தால் எப்படித் தெரிகிறது, மேலே இருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று இரண்டையும் பாருங்கள். உயரம் பற்றிய சண்டை இங்கேயே தீர்ந்துவிடும்.

9. மதிப்பீடுகளை ஒரே அளவுகோலில் ஒப்பிடுங்கள்

அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். எந்த அடி என்று கேளுங்கள். 250 மி.மீ. மிதி, 170 மி.மீ. உயரம் உள்ள பத்துப் படிகள் தரையில் 2.5 மீட்டர்தான். சரிவில் அளந்தால் சுமார் 3 மீட்டர். ஒருவர் ஒன்றையும் இன்னொருவர் மற்றொன்றையும் வைத்துச் சொன்னால் ஒப்பீடே தப்பாகிவிடும்.

தூண்கள், அடித்தகட்டு மூடி, திருப்பத்து வளைவு, மாடி விளிம்புத் துண்டு, பாலிஷ், வண்டிக்கூலி எல்லாம் சேர்ந்ததா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தூணுக்குத் தூண் தூரம் 900 முதல் 1200 மி.மீ.க்குள் என்றும் எழுதச் சொல்லுங்கள். விலை மிகக் குறைவாக வந்தால் தூண் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள்.

10. வேலையின் வரிசை

கல் ஒட்டி முடிந்த பிறகுதான் கடைசி அளவு எடுக்க வேண்டும். குறிப்பாகக் கண்ணாடிக்கு. டஃபன்ட் செய்த கண்ணாடியை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. அளவு தப்பினால் அந்தத் துண்டு வீண். சரிவுக் கண்ணாடி இணைகர வடிவம் என்பதால் கோணத்தையும் அட்டை வெட்டி எடுத்துக்கொண்டு போவதே நல்லது. படிகள் எல்லாம் ஒரே அளவு என்று நம்பி ஒன்றை மட்டும் அளந்து பெருக்க வேண்டாம்.

தூண் ஊன்றுவது முதலில், கைப்பிடி அடுத்து, கண்ணாடி கடைசியில். சுவரின் இறுதிப் பெயிண்ட் ரெய்லிங்குக்குப் பிறகு இருக்கட்டும். வெல்டிங் பொறி கல்லிலும் கண்ணாடியிலும் விழுந்தால் புள்ளி புள்ளியாகத் தழும்பு விழும், தேய்த்தாலும் போகாது. தடித்த ஈரச் சாக்கோ பலகையோ போட்டு மூடிய பிறகுதான் வெல்டிங்கைத் தொடங்க விடுங்கள். வெறும் பிளாஸ்டிக் தாள் போதாது, பொறி அதை உருக்கிக்கொண்டு உள்ளே போகும்.

ரெய்லிங் வரும்வரை படிக்கட்டைத் திறந்தபடி விடாதீர்கள். மூங்கிலோ சவுக்கோ கட்டித் தற்காலிகத் தடுப்பு வையுங்கள். வேலையாட்களும் மனிதர்கள்தான், இரு கையிலும் சாமான் வைத்துக்கொண்டு அதில்தான் ஏறுகிறார்கள்.

11. கடைசிப் பணம் கொடுக்கும் முன்

ஒவ்வொரு தூணையும் கைப்பிடி உயரத்தில் இரு கையாலும் பிடித்து வெளியே தள்ளுங்கள், உள்ளே இழுங்கள். கொஞ்சம் வளைந்து திரும்பினால் அது குழாயின் இயல்பு. அடியில் "டக்" என்று ஓசை வந்தால் பிடிமானம் சரியில்லை. அடித்தகட்டு மூடியைத் தூக்கி, எல்லாத் துளையிலும் போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு துளையில் இரண்டு போல்ட் என்பது மூடிக்கு அடியில் அடிக்கடி ஒளிந்திருக்கும்.

மரக்கட்டையை எல்லா இடைவெளியிலும் நுழைத்துப் பாருங்கள். சுவருக்கும் முதல் கம்பிக்கும் நடுவே, மாடி விளிம்பு திரும்பும் மூலையில், லேண்டிங்கின் அடியில் என்று மறந்துபோகும் இடங்கள்தான் தப்பாக இருக்கும்.

மெல்லிய துணி ஒன்றைக் கைப்பிடியின் மேலேயும் அடியிலும் ஓட்டிக்கொண்டு போங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே வெல்டு சரியாகத் தேய்க்கப்படவில்லை. மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், அடிப்பக்கத்தை விட்டிருப்பார்கள், விரல்கள் படுவது அங்கேதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கை கைப்பிடியில் வைத்தபடி மேலிருந்து கீழே மெதுவாக இறங்குங்கள், பக்கத்தில் ஒருவர் துணைக்கு வரட்டும். கை எங்கே எடுக்க வேண்டி வந்தது என்பதைக் குறித்து, அதைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

குடிவந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கண்ணாடி கிளாம்புகளையும் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்க வந்து போக வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். எஸ்.எஸ்.ஸைத் துடைக்க இரும்பு நாரையும் பிளீச்சிங் கலந்த திரவத்தையும் பயன்படுத்தக் கூடாது. சோப்பு நீரில் நனைத்த துணி போதும், துடைத்த பிறகு உலர் துணியால் ஒருமுறை.